புத்தகத்தைப் பார்த்தே கம்ப்யூட்டர் படிக்கலாமா?

திருச்சியில் இருந்து மதுரைக்குப் போகும் சாலையில், விராலிமலையைத் தாண்டியதும் வருகிற ஊர் கொடும்பாளூர். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இருக்குவேள் மன்னர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்டார்கள். இன்று அது ஒரு கிராமம்.

இந்த ஊரிலும், இதைப் போன்ற ஆயிரக்கணக்கான ஊர்களிலும் இப்போது வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு நடக்கிறது.

"அப்பா, நான் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதப் படிக்கணும்."

"எவ்வளவு கட்டணும் ஆத்தா?"

மகள் தொகையைச் சொல்கிறாள். அப்பா தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். ஆட்டை விற்றால் ஆகும். விற்கலாமா, வேண்டாமா?

இந்தப் பேச்சு திடீரென்று கிளம்பியது அல்ல. "செயற்கை நுண்ணறிவு" என்ற சொல் இன்று டீக்கடை வரை வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் இருந்தே பள்ளிகளில் அதைக் கற்றுத்தரப் போவதாகவும், 2026-27 கல்வி ஆண்டில் தொடங்கப் போவதாகவும் மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. நகரத்துப் பிள்ளைகள் முந்திக்கொள்வார்களே, நம் பிள்ளை பின்தங்கிவிடுமே என்று பெற்றோர்களுக்குப் பயம். பயம் இருக்கும் இடத்தில் வியாபாரமும் வந்துவிடும். "மூன்றே மாதத்தில் கம்ப்யூட்டர் மேதை" என்று போர்டு மாட்டுகிறவர்களுக்கு இது நல்ல காலம்.

ஆட்டை விற்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

உள்ளே இருப்பது என்ன?

செயற்கை நுண்ணறிவு என்பது மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. கோடிக்கணக்கான பக்கங்களை அந்த எந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். "எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் அதிகமாக வருகிறது?" என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது. நாம் ஒரு கேள்வி கேட்டால், அடுத்து எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று பார்த்துப் பார்த்துப் பதிலைக் கோக்கிறது.

அடிப்படையில் மூன்று கலைகள். நடந்ததை எண்ணித் தொகுத்துப் பார்ப்பது புள்ளியியல். நடக்கப்போவதன் வாய்ப்பை அளப்பது நிகழ்தகவு. இந்த வேலையை எந்திரத்துக்குப் புரிகிற மாதிரி படிப்படியாக எழுதிக்கொடுப்பது நிரல். அதைத்தான் புரோகிராம் என்கிறோம்.

மூன்றில் கடைசியை மட்டும் காட்டிப் பணம் வாங்குகிறவர்கள் உண்டு. முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவதை மட்டும் படிப்பது, அரிசியும் பருப்பும் இல்லாத வீட்டில் அடுப்பு மூட்டப் படிப்பதைப் போல.

கப்பலில் படித்தவர்

சரி, வாத்தியார் இல்லாமல் இதையெல்லாம் புத்தகத்தைப் பார்த்துப் படிக்க முடியுமா? முடியும். ஒருவர் அப்படிப் படித்ததால்தான் இந்தியாவில் இந்தக் கலையே வேரூன்றியது.

அவர் பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். வங்காளி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் படித்தவர். படித்தது பௌதிகமும் கணிதமும், புள்ளியியல் அல்ல. 1915-ல் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். கப்பல் புறப்படத் தாமதம் ஆயிற்று. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே ஆசிரியர் ஒருவர் "பயோமெட்ரிகா" என்ற சஞ்சிகையின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். உயிர்களை அளந்து, அந்த அளவுகளில் இருந்து உண்மை காண்பது எப்படி என்று சொல்லும் சஞ்சிகை அது.

புரட்டிப் பார்த்தவருக்கு ஆசை பற்றிக்கொண்டது. எல்லாத் தொகுதிகளையும் விலைக்கு வாங்கினார். கப்பலிலேயே படிக்கத் தொடங்கிவிட்டார்!

கல்கத்தாவுக்கு வந்து பிரசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியர் ஆனார். பிழைப்புக்குப் பௌதிகம், மனசுக்குப் புள்ளியியல். அந்தக் கல்லூரியில் அவர் இருந்த அறையிலேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் உண்டானது. அதில் இருந்து 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது. நம் நாட்டுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் எங்கே வைக்கப்பட்டது தெரியுமா? அதே கழகத்தில்தான். இங்கிலாந்தில் செய்த அந்த எந்திரம் 1955-ல் வந்து சேர்ந்தது. அவர் பிறந்த ஜூன் 29-ஆம் தேதிதான் இன்று தேசியப் புள்ளியியல் தினம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மகலனோபிஸ் புத்தகத்தைப் படித்து முடித்து அலமாரியில் வைத்துவிடவில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் அளந்தார். பரீட்சை மார்க்கை அளந்தார். மழையையும் ஆற்று வெள்ளத்தையும் அளந்தார். வங்காளத்து வயல்களில் எவ்வளவு சணல் விளைந்திருக்கிறது என்று, எல்லா வயலையும் அளக்காமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக முறைப்படி பொறுக்கி எடுத்து அளந்து சொன்னார்.

இரண்டு கோயில், ஒரு கணக்கு

சில வயலைப் பார்த்துப் பல வயலின் விளைச்சலைச் சொல்வது எப்படி என்று சிலருக்குச் சந்தேகம் வரும். கொடும்பாளூர்க்காரர்களுக்கு அது வரக்கூடாது. அவர்கள் ஊரிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது.

அங்கே இருப்பது மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் மன்னன், தன் பெயரில் ஒன்றும், தேவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஆளுக்கு ஒன்றுமாக மூன்று கோயில்களை வரிசையாகக் கட்டினான். கல்வெட்டு சொல்லும் செய்தி இது. இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதில் அடித்தளம் மட்டும் மிச்சம்.

அந்த அடித்தளத்தை அளந்து, நிற்கிற இரண்டின் உயரத்தையும் பார்த்தால், விழுந்துபோன மூன்றாவது சுமாராக எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். அங்குலக் கணக்கில் சொல்ல முடியாது. ஆனால், "இவ்வளவுக்குக் குறையாது, இவ்வளவுக்கு மேல் போகாது" என்று சொல்லலாம். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைச் சொல்வது, எவ்வளவு தூரம் தவறலாம் என்பதையும் கூடவே சொல்வது, இதுதான் புள்ளியியல்.

வீட்டிலேயே இருக்கும் புத்தகம்

மகலனோபிஸ் இங்கிலீஷில் படித்தார். நம் பிள்ளைகள் தமிழிலேயே படிக்கலாம். அதுவும் புதிதாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசாங்கத்தின் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுங்கள். எட்டாவது பாடத்தின் பெயரே "புள்ளியியலும் நிகழ்தகவும்". பத்தாவது முடித்த பிள்ளை உள்ள வீட்டில், பழைய பேப்பர்க்காரருக்குப் போடாமல் இருந்தால், பரணில் அது கிடக்கும். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். இரண்டும் தமிழ் வழியில் அச்சான புத்தகங்கள். 2018, 2019 ஆண்டுகளில் பாடத்திட்டம் மாறியபோது வந்தவை.

"பைத்தான் இங்கிலீஷ் ஆச்சே, நம்ம புள்ளைக்கு வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மொழிக்கே உரிய கட்டளைச் சொற்கள் மொத்தம் முப்பத்தைந்துதான். மளிகைக்கடைச் சிட்டையில் அதைவிட அதிகமாக எழுதுகிறோம். அதற்கும் தயங்குகிறவர்களுக்காக "எழில்" என்று ஒரு நிரல் மொழியே தமிழில் உண்டு. "பதிப்பி" என்று தமிழில் எழுதினால் எந்திரம் பதிப்பிக்கும். சிறுவர்கள் தொடங்குவதற்கு நல்லது. ஆனால் தொழிலுக்கு என்று வரும்போது பைத்தானுக்குப் போகத்தான் வேண்டும்.

சராசரியின் குறும்பு

முதல் பாடம் சராசரி. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இதில்தான் ஏமாற்றமே இருக்கிறது.

ஒரு தெருவில் ஐந்து வீடு. நான்கு வீட்டின் நாள் வருமானம் 400, 450, 500, 550 ரூபாய். ஐந்தாவது வீட்டுக்காரர் மண்டி வைத்திருக்கிறார், அவருக்கு 3,100. மொத்தம் 5,000. ஐந்தால் வகுத்தால் சராசரி 1,000 ரூபாய்.

"இந்தத் தெருவில் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வருமானம்" என்று ஒருவர் மேடையில் பேசினால், கணக்குப்படி அது பொய் இல்லை. ஆனால் ஆயிரம் ரூபாய் வாங்குகிற வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை! ஐந்தையும் வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள். 500 ரூபாய். இதற்கு இடைநிலை என்று பெயர். தெருவின் உண்மை நிலையை இதுதான் சொல்கிறது. "எங்களிடம் படித்தவர்களின் சராசரிச் சம்பளம் இவ்வளவு" என்று யாராவது விளம்பரம் செய்தால், "இடைநிலை எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருகிற வேகத்திலேயே விஷயம் விளங்கிவிடும்.

தாயம் விழுமா?

நிகழ்தகவுக்கு நம் வீட்டுத் திண்ணையிலேயே பாடம் இருக்கிறது. தாயம் ஆடாத குடும்பம் உண்டா?

இரண்டு கட்டை. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றும் இல்லாத வெறும் பக்கம். உருட்டினால் எத்தனை விதமாக விழலாம்? நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு விதம். ஒன்றில் "ஒன்று", மற்றதில் வெறுமை விழுந்தால் தாயம். இது இரண்டு விதமாக வரும். எந்தக் கட்டையில் ஒன்று விழுகிறது என்பதுதான் வித்தியாசம். ஆகவே பதினாறில் இரண்டு. அதாவது எட்டில் ஒரு பங்கு. மூன்று விழுவதற்கு நான்கு விதம். ஆறு விழுவதற்கும், இரண்டும் வெறுமையாகிப் பன்னிரண்டு விழுவதற்கும் ஒரே ஒரு விதம். பன்னிரண்டு விழுந்தால் ஏன் கூச்சல் போடுகிறோம் என்று இப்போது புரிகிறதா?

எட்டில் ஒரு பங்கு என்றால் எட்டுத் தடவை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயம் என்று தோன்றும். இல்லை! எட்டுத் தடவை உருட்டியும் தாயமே விழாமல் இருப்பதற்கு நூற்றுக்கு 34 பங்கு வாய்ப்பு உண்டு. எட்டில் ஏழு என்ற பின்னத்தை எட்டு முறை பெருக்கிப் பாருங்கள், விடை வரும்.

இன்னும் ஒன்று. ஏழு தடவை விழவில்லை. "அடுத்தது கட்டாயம் விழும்" என்று மனசு சொல்லும். கட்டைக்கு ஞாபகம் கிடையாது. எட்டாவது தடவையும் அதே எட்டில் ஒரு பங்குதான்.

திண்ணையில் இது விளையாட்டு. பணம் வைத்தால்? "இவ்வளவு விட்டாச்சு, அடுத்த ஆட்டத்தில் வந்துவிடும்" என்று நம்பித்தான் செல்போனில் சூதாடியவர்கள் நகையையும் நிலத்தையும் இழந்தார்கள். சிலர் உயிரையும் விட்டார்கள். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-ல் நிறுத்தப்பட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. சட்டம் தேவைதான். ஆனால் பத்தாம் வகுப்பு எட்டாவது பாடத்தைக் கட்டையை உருட்டிப் பார்த்துப் படித்த பையனிடம் அந்த ஆசை வார்த்தை அவ்வளவு சுலபமாகப் பலிக்காது என்பது என் அபிப்பிராயம்.

எந்திரம் உருட்டட்டும்

கையால் எத்தனை தடவை உருட்டுவது? இங்கேதான் நிரல் வருகிறது. எந்திரத்துக்கு நாம் எழுதிக்கொடுப்பது இவ்வளவுதான்: முதல் கட்டையை உருட்டு. இரண்டாவதை உருட்டு. இரண்டையும் கூட்டு. ஒன்று வந்தால் ஒரு கோடு போடு. இதைப் பத்தாயிரம் தடவை செய். முடிவில் எத்தனை கோடு என்று சொல்.

பைத்தானில் இது பத்து வரிக்கு மேல் போகாது. எந்திரம் கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். கோடுகள் 1,250-க்குப் பக்கத்தில் இருக்கும். மறுபடி ஓட்டினால் வேறு எண் வரும். ஆனால் நூறு தடவை ஓட்டினால் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து தடவை 1,185-க்கும் 1,315-க்கும் நடுவில்தான் நிற்கும். புத்தகத்தில் படித்த நிகழ்தகவு கண் முன்னால் நடப்பதைப் பார்க்கும் அந்த நிமிஷம் பிள்ளைக்கு மறக்காது. மூன்று பாடத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே என்றால்? 2011 முதல் அரசாங்கம் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. அக்காவுக்குக் கிடைத்தது ஓடும் நிலையில் இருக்கிறதா பாருங்கள். சாதாரண செல்போனிலும் பைத்தானை ஓட்டலாம். எழுத்து சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். எதுவுமே இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. நிரலைக் காகிதத்தில் எழுதி, நீங்களே எந்திரமாகி, ஒவ்வொரு வரியாக நடந்து பாருங்கள். தம்பி கட்டையை உருட்டட்டும், தங்கை கோடு போடட்டும். தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று இதில் தெரிவது போல எந்திரத்தில்கூடத் தெரியாது.

ராமானுஜத்துக்கு நேர்ந்தது

புத்தகம் ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டால் அது பாதி உண்மைதான்.

கும்பகோணத்தில் சீனிவாச ராமானுஜத்துக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும்போது ஒரு புத்தகம் கைக்கு வந்தது. கார் என்ற வெள்ளைக்கார ஆசிரியர் எழுதியது. ஐயாயிரத்துக்குச் சற்றே குறைந்த கணித முடிவுகள் அதில் வரிசையாக இருக்கும். எப்படி அந்த முடிவு வந்தது என்ற விளக்கம் சுருக்கமாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதை வைத்துக்கொண்டே அந்தப் பையன் உலகம் வியக்கும் கணித மேதை ஆனான்.

ஆனால் நடுவில் நடந்தது என்ன? கணக்கிலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தேறாமல், கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். வேலைக்கு அலைந்தார். செய்ததைப் புரிந்துகொண்டு, சரி தவறு சொல்ல ஆள் இல்லாமல் வருஷங்கள் போயின. 1913-ல் கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான் விடிவு.

ஆகவே கூடப் படிக்க ஒரு ஆள் வேண்டும். பெரிய மேதாவியாக இருக்க வேண்டும் என்று இல்லை. பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியராக இருக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள் நோட்டைப் பார்த்துத் திருத்தினால் போதும். அண்டை வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். இரண்டு பேர் ஒரே கணக்கைப் போட்டு, விடை வேறு வேறாக வந்து, திண்ணையில் சண்டை போட்டுக்கொண்டால் பாதிப் படிப்பு அதிலேயே முடிந்துவிடும்.

இப்படிச் சேர்ந்து படிப்பது புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிது அல்ல. 1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது வயல் வேலைக்கும் கல் உடைக்கும் வேலைக்கும் போன தாய்மார்கள் இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் பல்லாயிரம் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கேலி செய்தவர்களும் இருந்தார்கள். சைக்கிளைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும், ஏறி விழுந்து எழுந்தால்தான் ஓட்ட வரும். நிரலும் அப்படித்தான். புத்தகத்தில் உள்ள நிரலைப் பார்த்துப் பார்த்து எழுதினால் அது எழுத்துப் பயிற்சி. புத்தகத்தை மூடிவிட்டு எழுதி, தப்பு வந்து, அந்தத் தப்பைக் கண்டுபிடித்தால் அதுதான் படிப்பு.

வீட்டு வரியில் ஒரு பங்கு

வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்றும் சேர்த்துக் கட்டுகிறோமே, அது எதற்கு என்று யோசித்தது உண்டா? 1948-ல் சென்னை ராஜதானியில் வந்த பொது நூலகச் சட்டம் அதற்கு அடிப்படை. சுதந்திர இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம் அதுதான். அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். நூலகர் ஆவதற்கு முன்னால் அவரும் கணக்கு வாத்தியார்தான்.

ஆகவே பக்கத்துக் கிளை நூலகத்தில் பைத்தான் புத்தகம் இல்லை என்றால் பேசாமல் திரும்பி வராதீர்கள். வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அது நம் பணம்.

வேலை கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. வீட்டில் படித்ததற்குச் சான்றிதழ் கிடையாது. கம்பெனிகள் பட்டம் கேட்கின்றன. பட்டத்துக்கு இந்த வீட்டுப் படிப்பு மட்டும் போதாது. வீட்டுப் படிப்பு செய்யக்கூடியது வேறு. பிள்ளைக்கு இதில் உண்மையான நாட்டம் உண்டா, இல்லை ஊரோடு சேர்ந்த ஆசைதானா என்பதை ஆறு மாதத்தில் காட்டிவிடும். நாட்டம் உண்டு என்று தெரிந்தால், பிறகு கட்டணம் கட்டுவது பற்றி யோசிக்கலாம். அப்போதும், சேரும் இடத்தில் புள்ளியியல் சொல்லித் தருவீர்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

அந்த ஆறு மாதத்துக்கு ஆகிற செலவு இரண்டு நோட்டு, ஒரு பென்சில். தாயக்கட்டை வீட்டில் இருக்கும். பரணில் புத்தகம் இல்லாவிட்டால், பாடநூல் கழகத்தின் புத்தகங்களைச் செல்போனில் காசு இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆடு தொழுவத்திலேயே இருக்கட்டும்.